பார்வையுள்ளவனாக நடிக்க அனுமதி கோரி

செரண்டா வட்டாரத்துக்கு மனித சமத்துவம் வந்தது சத்தியசீலன் தலையெடுத்த பிறகுதான். அதற்கு முன்பு அங்கே ஒரு ரயில் நிலையமும் சில தொழிற்சாலைகளும் நடைபாதையை அடைத்து நிற்கும் ஏராளமான மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே இருந்தன.

சத்தியசீலன் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மனிதவள அதிகாரி. வாரநாள்களில் மனிதர்களைக் குறைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை "அரவணைப்பார்". அரவணைப்பு நடக்கும் இடம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்னறை. அங்கே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவரும் நண்பர்களும் கற்பனை நாட்டில் சாகசம் செய்வார்கள். ஆளுக்கொரு பாத்திரம். மந்திரவாதி, திருடன், போர்வீரன், எதுவும் ஆகலாம். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால், அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். மற்றதையெல்லாம் கதை நடத்துநரான சத்தியசீலன் சொல்வார்.

ஒரு நாள் இணையத்தில் எதையோ படித்துவிட்டுக் கலங்கிய முகத்தோடு வந்தார்.

"நம்ம கதையில ஒரு மாற்றுத்திறனாளிகூட இல்ல. எவ்வளவு பெரிய பாவம் பண்ணிக்கிட்டு இருக்கோம் தெரியுமா?"

பல் டாக்டர் ஜெயந்தன் உடனே தியாகத்துக்கு முன்வந்தார். 'இருளானந்தர்' என்ற பார்வையற்ற முனிவராக அவதரித்தார். இருளானந்தர் பறக்கும் கொக்கைச் சிறகோசை கேட்டே வீழ்த்துவார். ஓலைச்சுவடியை மோந்து பார்த்தே படிப்பார். எதிரே நிற்பவன் பொய் சொன்னால் அவன் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவார். கண் தெரியாது என்ற ஒன்றைத் தவிர அவருக்கு எல்லாம் தெரியும். ஆடும்போது ஜெயந்தன் கண்களை மூடிக்கொள்வார். பகடையில் என்ன விழுந்தது என்று பார்க்க மட்டும் திறப்பார். திருடியாக ஆடும் குழுச் செயலாளர் அன்பரசி அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். இதயங்கள் குவிந்தன.

அந்தப் புகழைக் கேள்விப்பட்டு உடையப்பன் வந்தார். கோல குபு பாருவிலிருந்து ரயிலில், வெள்ளைக்கோலோடு. ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

சத்தியசீலனுக்குப் புல்லரித்துவிட்டது. அசல்! எழுந்து நின்று கைதட்டினார். தோளில் கைபோட்டு, கேட்காமலே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். தேநீர் சொல்ல எழுந்த அன்பரசி சத்தியசீலன் காதருகே குனிந்து, "இவரு தேல சீனி போட்டுக்குவாரா?" என்று கேட்டார்.

"போட்டுக்குவேன்மா," என்றார் உடையப்பன். "நாக்கு நல்லாத்தான் இருக்கு."

சத்தியசீலன் அவருக்காக அங்கேயே ஒரு பாத்திரத்தை உருக்கமாகத் தயாரித்துவிட்டார். "அண்ணே, நீங்க இருளானந்தரோட சீடர். பார்வை இல்லாத பாணர். மூணாவது காட்சியில அழுவீங்க."

"வேணாம் தம்பி. நான் வில்லாளியா வரேன். மலை உச்சியில நின்னா அடுத்த நாட்டுக் கோட்டை தெரியணும்."

"தெரியணும்னா?"

"கண்ணு தெரியணும்லா."

அவசரக் கூட்டம் கூடியது. உடையப்பனின் மனம் புண்படக்கூடாது என்பதால், அவர் முன்னாலேயே தாழ்ந்த குரலில் நடந்தது.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் ஜெயந்தன். "அவருக்குப் பார்வை அனுபவமே கிடையாது. அனுபவம் இல்லாத ஒருத்தர் பார்வையுள்ளவரா நடிச்சா, அது ஒரு சமுதாயத்தையே கேலி பண்ற மாதிரி ஆயிடும்."

"நீங்க எப்ப, டாக்டர், குருடரா இருந்தீங்க?" என்றார் உடையப்பன்.

"நான் ஆராய்ச்சி பண்ணேன். கண்ணைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பாத்தேன்."

"நானும் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். பொறந்ததுலேர்ந்து உங்க ஆளுங்களோடதான் இருக்கேன்."

இதற்கு விதிகளில் பதில் இல்லை. எனவே "சோதனை அடிப்படையில்" அனுமதி வழங்கப்பட்டது. உடையப்பன் தடவிப் பார்க்கும் புள்ளிகள் கொண்ட பகடையைப் பையிலிருந்து எடுத்தார். அவருடைய வில்லாளிக்குக் கழுகுக்கண்ணன் என்று பெயர்.

"உங்க முன்னால ஆறு ஓடுது," என்று தொடங்கினார் சத்தியசீலன். "கரையில இருளானந்தர் நிக்கிறாரு. என்ன பண்றீங்க?"

"அவரைப் பாத்ததும் எனக்கு ரொம்பப் பாவமா இருக்கு. குதிரையை அவர் நடக்குற பாதையில குறுக்கால கட்டுறேன். அப்புறம் அவரு கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஆத்தைக் கடக்குறேன்."

"நான் கடக்கவே வரலயே!" என்றார் ஜெயந்தன். "இங்க ஒரு ஆளுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்."

"காதுல விழல. உதவி பண்ற சந்தோஷத்துல இருக்கேன்."

பகடை உருண்டது. பலித்தது. இருளானந்தர் காவி நனைய அக்கரை சேர்ந்தார். அங்கே ஒரு சத்திரம். கழுகுக்கண்ணன் முனிவரைத் தாண்டித் திருடியிடம் கேட்டான்: "இவரு கஞ்சி குடிப்பாரா?"

"என்கிட்ட கேளுங்க!" ஜெயந்தன் கண்ணைத் திறந்துவிட்டார்.

"அட, பேசுறாரே! என்னா தன்னம்பிக்கை! எனக்குக் கண்ணுல தண்ணி வருது. ஒரு ஓவியரைக் கூப்பிட்டு, இவரு தோள்ல கைபோட்டு நிக்கிற மாதிரி என்னை வரையச் சொல்றேன். இவரைக் கேக்கல."

அன்பரசி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஜெயந்தனின் முகம் சிவந்தது. "இது ஓவர். இப்படியெல்லாம் உலகத்துல யாரும் நடந்துக்க மாட்டாங்க."

சத்தியசீலனுக்கு மட்டும் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி திடீரென்று கனத்தது. எதற்கென்று யோசிக்க அவர் விரும்பவில்லை. சங்கடம் வந்தால் தீர்மானம் போடுவது அவர் தொழில் வழக்கம். போட்டார்: இனி மாற்றுத்திறனாளிகள் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களை மட்டும் ஏற்கலாம், மற்றவர்கள் எதையும் ஏற்கலாம், சமத்துவம் கருதி இவ்விதி உடனடியாக அமலுக்கு வருகிறது.

உடையப்பன் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தே நல்லா இருந்துச்சும்மா," என்று அன்பரசியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அன்பரசி வரவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் சிலர் வரவில்லை. எல்லாரும் கோல குபு பாருவில் உடையப்பன் வீட்டு மேசையில் இருப்பதாகவும், அங்கே கழுகுக்கண்ணன் ஒரு நாகத்தின் வாலில் தொங்கிக்கொண்டிருப்பதாகவும் தகவல் வந்தது. பின்னறையில் சத்தியசீலனும் இருளானந்தரும் எஞ்சினார்கள். எல்லாம் தெரிந்த முனிவரை எந்த ஆபத்திலும் மாட்டிவிட முடியவில்லை. ஒரு ஞாயிறு ஜெயந்தன் ஆட்டத்தின் நடுவே கண்ணை மூடினார், குறட்டை வந்தது.

வேறு வழியின்றிச் சத்தியசீலன் ரயிலேறினார். கதவைத் தட்டியபோது உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது.

"யாரு?"

"சத்தியசீலன், அண்ணே. எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?"

"வாங்க தம்பி, உக்காருங்க. அன்பரசி, தம்பிக்கு ஒரு தே. சொல்லுங்க, என்ன பாத்திரம்?"

சத்தியசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ரயிலிலேயே முடிவு செய்திருந்தார். "பார்வையில்லாத பாணர். அந்த வலியை உள்ளுக்குள்ள உணர்ந்து பண்ணுவேன் அண்ணே."

உடையப்பன் பகடையை உள்ளங்கையில் உருட்டினார்.

"அது வேணாம் தம்பி. நீங்க கண்ணு தெரிஞ்ச ஆளா வாங்க. அதை நீங்க இதுவரைக்கும் செஞ்சு பாத்ததே இல்ல."