பாலத்தில் நின்ற ஆறு பேரும் சுகிர்தாவின் சம்பந்தமும்

வெள்ளவத்தை,
புரட்டாதி, 2001.

பெருமதிப்புக்குரிய நமசிவாயம் அத்தானுக்கு,

வெள்ளவத்தை உப்புக்காற்றில் துருப்பிடித்தது போக மிச்சமாயிருக்கும் உங்கள் மைத்துனன் சுந்தரலிங்கம் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம்; என் முழங்காலும் இங்குள்ள கரண்டும் மட்டும் சுகமில்லை. அக்காவின் பிரஷர் இறங்கியதா, ஸ்காபரோவில் குளிர் தொடங்கியதா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளவும். விஷயம் அவசரமானது. நீங்கள் பேசித் தந்த சம்பந்தம் முறிந்துவிட்டது. முறித்தது சாதகமோ சீதனமோ இல்லை, நீங்கள் அனுப்பிய கொம்பியூட்டர் விளையாட்டு.

போன வருடம் ஆள் மூலம் இரண்டு சீடி கொடுத்தனுப்பினீர்களே, ஒன்று என் மகள், உங்கள் மருமகள் சுகிர்தாவுக்கு, மற்றது பம்பலப்பிட்டி பூபாலசிங்கத்தாரின் மகன் முகுந்தனுக்கு என்று. இருவருக்கும் சாதகப் பொருத்தம் பார்த்த நீங்கள் சீடிப் பொருத்தம் பார்க்கவில்லை. இரண்டிலும் கதை ஒன்றுதான். வாள்காரன், வில்காரி, மருந்துக்காரி, மந்திரவாதி, கள்ளன், கோடரி வைத்த குள்ளன் என்று ஆறு பேர் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள், வழியில் பூதம் மறிக்கும், ஆறு பேரையும் நாம்தான் நடத்திச் சண்டை பிடிக்க வேண்டும். சண்டை பிடிக்கிற விதத்தில்தான் சனியன் இருக்கிறது. சுகிர்தாவுடையதில் முறை வைத்துச் சண்டை. நாங்கள் 304 சீட்டு விளையாடுவது போல, ஒருவர் இறக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். பூதமும் தன் முறை வரும்வரை மரியாதையாக நிற்கும். முகுந்தனுடையதில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்து அடிபடுவார்கள், தலை சுற்றினால் கீபோர்ட்டில் ஒரு கட்டையைத் தட்டி எல்லோரையும் அப்படியே நிற்பாட்டி, ஆளுக்கொரு கட்டளை சொல்லி, மறுபடி தட்டிவிட வேண்டும். என் மனைவி இராசேஸ்வரி அடுப்படி நடத்துவது இப்படித்தான். “எல்லாரும் நில்லுங்கோ! இஞ்சருங்கோ, நீங்கள் தேங்காயைத் திருவுங்கோ, பிள்ளை, நீ வெங்காயத்தை உரி, சரி, இனி நடக்கட்டும்!”

சென்ற ஞாயிறு பின்னேரம் பூபாலசிங்கத்தார் மனைவியோடும் முகுந்தனோடும் பெண் பார்க்க வந்தார். ரோல்ஸ் பரிமாறி, தேத்தண்ணி கொடுத்து, அவர்கள் வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினையையும் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினையையும் கதைத்து முடித்த நேரம், பொடியன் ஹோல் மூலையில் இருந்த கொம்பியூட்டரைக் கண்டான். என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டான். சுகிர்தா காட்டினாள். ஒரு பாலம், அதில் பூதங்கள், இந்தப் பக்கம் எங்கள் ஆறு பேர். பொடியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒருத்தன் அடிவாங்க மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதோ? இதென்ன சண்டை, தபால் கந்தோர் கியூ மாதிரி?” என்றான். “உங்கட முறையில எல்லாரும் சேந்து ஓடேக்க மருந்துக்காரி எங்க நிக்கிறா எண்டு ஆருக்குத் தெரியும்? செத்தாப் பிறகுதான் தேடுறது,” என்றாள் இவள். “ஆர் செத்தது?” என்றா பொடியனின் தாய். இருவரும் அந்தப் பாலத்திலேயே நின்றார்கள். “முதல்ல காவல் நிக்கிறவனை முடிக்கோணும்,” என்று இவள் கத்த, “இல்லை, ரெண்டு பக்கத்தாலையும் ஒரே நேரத்தில பாலத்தை அடிக்கோணும்!” என்று அவன் கத்த, புழுக்கத்துக்குத் திறந்து வைத்த வாசலில் இருந்து மூன்றாவது குரல் ஒன்று, தமிழில், “எந்தப் பாலம்?” என்று கேட்டது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வந்த பொலிஸ் சார்ஜன்ட், அத்தான். மட்டக்களப்பில் கன காலம் வேலை செய்தவராம், தமிழ் நன்றாக விளங்கும். பூபாலசிங்கத்தார் கடித்த ரோல்ஸை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. குண்டுக்குப் பயந்த இந்தக் காலத்தில், இந்த வெள்ளவத்தையில், பாலத்தை அடிக்கிறது என்பது தமிழ்ப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லா? “மாத்தயா, அது கொம்பியூட்டர் பாலம்,” என்று சிங்கள மரியாதையோடு நான் சொன்னது எனக்கே நம்புகிற மாதிரி இல்லை. அவர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். “இந்த ஆள் ஏன் சும்மா நிக்கிறது?” என்று குள்ளனைக் காட்டிக் கேட்டார். “அவற்ற முறை இன்னும் வரேல்லை,” என்றாள் சுகிர்தா. சார்ஜன்ட் சிரித்துவிட்டார். தன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று நினைத்த முகுந்தன் தன் முறையை அவருக்கு விளங்கப்படுத்தினான். “தட்டினா எல்லாம் நிக்குமா? அந்தப் பக்கமும்?” என்று கேட்டார் அவர். “ஓம், ரெண்டு பக்கமும்.” அவர் மடியில் இருந்த தொப்பியை ஒருதரம் திருப்பி வைத்தார். “அப்பிடி ஒண்டு இருந்தா நல்லம், மாத்தயா,” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போய்விட்டது.

சார்ஜன்ட் வெளிக்கிட்டதும் கரண்ட் போனது. சண்டைக்கு நடுவில் சேவ் பண்ணி வைக்க முடியாதாம். சுகிர்தா பின்னேரம் முழுவதும் பிடித்த சண்டை அத்தனையும் போய்விட்டது. “என்ர முறையில எண்டா லைட் போக முந்தியே எல்லாம் முடிஞ்சிருக்கும்,” என்றான் முகுந்தன், இருட்டில், தேவையில்லாமல். “முடிஞ்சிருக்கும்தான். உங்கட ஆறு பேரும்,” என்றாள் என் மகள். “எந்த ஆறு பேர்?” என்றா பொடியனின் தாய். மெழுகுதிரி கொளுத்தும்போது அவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பூபாலசிங்கத்தார் டெலிபோனில், “பொடியன் ஒண்டும் கதைக்கிறானில்லை, பாப்பம்,” என்றார். நம் ஆட்கள் ‘பாப்பம்’ என்றால் அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒளிக்காமல் சொல்கிறேன் அத்தான், எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது. இதுவரை வந்த மாப்பிள்ளைமார் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனவர்கள். சுகிர்தாவும் செக் பொயிண்ட் தாண்டி வேலைக்குப் போய் வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற பிள்ளையாகிவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. அதற்காகவே நியாயம் யார் பக்கம் என்று தீர்த்து, இருவரையும் சமாதானப்படுத்தலாம் என்று என் சீட்டுக் கூட்டாளிகளிடம் போனேன். என்னோடு கந்தோரில் இருந்த ஹியூபேட், “தன்ர முறைக்குக் காத்திருக்கிறவன்தான் ஜென்டில்மன், மச்சான்,” என்றார். புடவைக்கடை ஷிப்லி, “பெருநாளைக்கு முந்தின நாள் என்ட கடையில வந்து முறை பாருங்க, விடிஞ்சிரும்! கத்தி எல்லாரையும் நிப்பாட்டணும், பொறகு விடணும்,” என்றார். வாக்குவாதம் முற்றி, இருவரும் சீட்டை என் மடியில் எறிந்துவிட்டு எழும்பிப் போனார்கள். இப்போது எனக்குச் சம்பந்தமும் இல்லை, சீட்டும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. முறை வைத்த சண்டையே மனிதர்களுக்கு ஏற்றது, என் மகள் சொன்னதே சரி, கட்டையைத் தட்டி மற்றவர்களை நிற்பாட்டத் தெரிந்து, தான் காத்திருக்கத் தெரியாத பொடியன் எங்களுக்கு வேண்டாம். இதை உங்கள் வாயால் பூபாலசிங்கத்தாருக்குச் சொல்லிவிடவும். கொம்பியூட்டரை விற்கப் போகிறேன். இனிமேல் சீடி எதுவும் அனுப்ப வேண்டாம். அனுப்புவதானால் முழங்காலுக்குப் பூசுகிற அந்த மருந்தை அனுப்பவும்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு வயது போனாலும் சம்பந்தம் பேசுகிற தைரியம் போகாமல் இருக்க வெள்ளவத்தைப் பிள்ளையார் அருள்வாராக.

இப்படிக்கு,
மிகவும் களைத்துப்போன மைத்துனன்,
சுந்தரலிங்கம்.

பி.கு.: மேலே எழுதிய எதையும் பூபாலசிங்கத்தாருக்குச் சொல்ல வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. பசையை விட்டுவிட்டு அடையாள அட்டையைத் தேடினேன். இறங்கியது அதே சார்ஜன்ட். பின்னால் முகுந்தன், கையில் வயர் தொங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. யூபிஎஸ்ஸாம், கரண்ட் போனால் கொம்பியூட்டருக்கு உயிர் கொடுக்கிற பெட்டி. பற்றரியும் வயருமாக அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதியில் வந்தவனை செக் பொயிண்டில் மறித்து, பெட்டியை நடுறோட்டில் வைக்கச் சொல்லி, குண்டென்று எல்லோரும் பின்னால் போய்விட்டார்களாம். நல்லகாலம், இவர் அங்கே நின்றிருக்கிறார். “இது எங்கட பாலத்துப் பொடியன்!” என்று ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். முகுந்தன் சுகிர்தாவிடம், “லைட் போனாலும் பத்து நிமிசம் தாங்கும். நீங்கள் ஆறுதலா முடிச்சு சேவ் பண்ணுங்கோ,” என்று மட்டும் சொன்னான். அவள் தன் பக்கத்தில் கதிரை போட்டாள்.

பூபாலசிங்கத்தாரும் டெலிபோனில் ‘சரி’ என்றுவிட்டார்; தை மாதத்தில் நாள் பார்க்கிறோம். அக்காவையும் கூட்டிக்கொண்டு வரவும். கொம்பியூட்டர் விற்பனைக்கு இல்லை.

இப்போது கரண்ட் போய் ஒழுங்கை முழுக்க இருட்டு, எங்கள் ஹோலில் திரை வெளிச்சம் மட்டும், அதில்தான் இதை எழுதுகிறேன். ஆறு பேரில் மூன்று பேரை சுகிர்தா வைத்துக்கொண்டு மூன்று பேரை அவனிடம் கொடுத்திருக்கிறாள். அவள் முறை. யோசிக்கிறாள், யோசிக்கிறாள், பெட்டி கீக் கீக் என்று கத்துகிறது. முகுந்தன் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் காத்திருக்கிறான்.