உளுந்து உடைக்காத சைக்கிள்

சைக்கிள் ஓட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். பூட்டாமல் டீக்கடைக்குள் போய்விட்டு, திரும்பி வந்து தலையில் கை வைத்து நிற்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் யாரோடும் ஒட்டாத புது இனம் ஒன்று நம் டெல்டாவில் முளைத்திருக்கிறது. இவர் சைக்கிளை அசெம்பிள் செய்கிறவர். ஓட்டுவாரா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

எங்கள் திருத்துறைப்பூண்டிக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். என் எதிர்வீட்டுப் பகலவன். சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் தைலமும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஆசையைக் கொண்டுவந்தார். முதலில் தைவானிலிருந்து ஒரு நீளப் பெட்டி வந்தது. தெருவே கூடிப் பிரிக்கச் சொன்னோம். உள்ளே கறுப்பாக ஒரு முக்கோணம். கார்பன் பிரேமாம். சக்கரம் எங்கே, பெடல் எங்கே என்றால், "அதெல்லாம் தனித்தனியா வரும் சார்" என்றார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கியர் ஜப்பானிலிருந்து, சீட் இத்தாலியிலிருந்து. பார்சல் இப்போது எந்த நாட்டு விமான நிலையத்தில் தூங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி. மகள் எந்த வகுப்பு என்று கேட்டால் மட்டும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

"எப்ப சார் ஓட்டப் போறீங்க?"

"ஒரே ஒரு பார்ட் வரணும் சார்."

இதுதான் இந்த இனத்தின் மூல மந்திரம். கோயில் மணி மாதிரி வேளாவேளைக்கு ஒலிக்கும்.

அப்புறம் இந்த எடைப் பைத்தியம். சமையலறைத் தராசை எடுத்து வந்து ஒவ்வொரு திருகாணியையும் நிறுத்துப் பார்த்து, இரும்பைக் கழற்றி டைட்டானியம் போட்டு, ஸ்டாண்டு வேண்டாம், கேரியர் வேண்டாம், மட்கார்டு வேண்டாம், பெல் கூட வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் துறந்து, கடைசியில் ஐம்பது கிராம் குறைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் திருவையாற்று அசோகா அல்வாவைக் கால் கிலோ வாங்கி ஒரே மூச்சில் சாப்பிட்டார். சாப்பிட்டவரை எந்தத் தராசில் நிறுப்பது? திருஷ்டி படக் கூடாது என்று மனைவி மேகலா சைக்கிளில் கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றைக்கூட நிறுத்துப் பார்த்துவிட்டு அவிழ்த்துவிட்டார்.

இத்தனையும் நடந்த இடம் அவர்கள் வீட்டு முன்னறை. அங்கேதான் வம்பு. மேகலா ஆரி எம்பிராய்டரி தெரிந்தவர். கல்யாண பிளவுசுக்கு அவர் கை வேலைக்கு ஊரில் அடிதடி. கோடை விடுமுறையில் அந்த அறையில் வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. கனவின் நடுவே ஒரு கார்பன் முக்கோணம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"இந்தாங்க, பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும்தான். அன்னைக்கு இந்தச் சைக்கிள்ல முத்துப்பேட்டை போயி, அலையாத்திக் காட்டு லகூன் போற படகுத்துறையில நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க. ரூம் உங்களுக்கு. போகலேன்னா எனக்கு. அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

"சரி. போயிட்டே வரேன்."

"எதிர்வீட்டு அண்ணன் ஸ்கூட்டர்ல பின்னாடியே வருவாரு. நீங்க பாட்டுக்குப் பாதி தூரம் பஸ்ல ஏறிட்டா?"

இப்படித்தான் நான் சாட்சியானேன்.

அந்த ஞாயிறும் வந்தது. அதிசயம், சைக்கிளும் முழுதாக நின்றது. நின்றது என்றால் சுவரில் சாய்ந்து நின்றது, ஸ்டாண்டுதான் இல்லையே. பகலவன் உடம்போடு ஒட்டிய உடுப்பில் இறங்கினார். தெருநாய் ஒன்று குரைக்க வாயெடுத்து, பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. நெடுஞ்சாலையில் லாரி தொல்லை என்று உள்ளூர்ச் சாலை வழியாகப் போனார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஓட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆனால் மனுஷன் உலகம் பூராவும் விசாரித்தவர், ஒன்றை விசாரிக்கவில்லை. பங்குனியில் நம் கிராமத்துச் சாலைகளில் என்ன காயும்? உளுந்து. செடியோடு பிடுங்கி வந்து தார் ரோட்டில் மெத்தை மாதிரி பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதிக்க, நெத்து வெடித்து உளுந்து தனியாக வந்துவிடும். பஸ்ஸும் டிராக்டரும் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை.

பகலவன் பிரேக் பிடித்தார். ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த நீலாம்பாள் என்ற அம்மாள் எழுந்து வந்தார்.

"ஏன் தம்பி நிக்கிறீங்க? ஏத்துங்க, ஏத்துங்க. எல்லாரும் ஏத்திட்டுத்தான் போறாங்க. உடைஞ்சா எங்களுக்கு நல்லதுதானே!"

"எறங்கித் தூக்கிட்டுப் போங்க பகலவன், அதான் லேசான வண்டியாச்சே" என்றேன் நான்.

"தூக்கிட்டுப் போனா ஓட்டினதா ஆகுமா சார்? நீங்களே போயிச் சொல்லிடுவீங்க" என்று ஏற்றினார்.

பத்தடி போயிருப்பார். உளுந்தங்கொடி பின்சக்கரத்தில் சுற்றி, கியருக்குள் புகுந்து, 'டக்'கென்று ஒரு சத்தம். அவர் ஒரு பக்கம், கறுப்பு முக்கோணம் ஒரு பக்கம். நல்லவேளை, விழுந்தது மெத்தையில். கியரைப் பிரேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு இரண்டாகிவிட்டது. இனி ஓட்ட முடியாது. நீலாம்பாள் ஓடி வந்து அவரைத் தூக்கிவிட்டார். அப்புறம் குனிந்து, சக்கரம் போன தடத்தில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது! ஒரு நெத்துகூட வெடிக்கலியே. வெறுங் காத்துல செஞ்ச வண்டியா?"

கிராம் கிராமாக இவர் குறைத்ததற்கு இப்படி ஒரு நற்சான்றிதழ் தைவானிலேயே கிடைத்திருக்காது.

உளுந்து மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோவில் சைக்கிள் வீடு திரும்பியது. மேகலா திட்டவில்லை, சிராய்த்த முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டார். பிறகு சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கினார்.

"நிஜமாவே லேசாத்தாங்க இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் சாத்தினார். அன்று சாயங்காலமே முன்னறையில் ஆரி ஸ்டாண்டுகள் ஏறிவிட்டன.

ஆறுதல் சொல்லலாமென்று போனேன். பகலவன் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஒரே ஒரு பார்ட் சார். தைவான்லேருந்து வரணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முத்துப்பேட்டை போய்ச் சேர்ந்திருந்தால் இந்த மனுஷன் பாவம், மறுநாளிலிருந்து என்னதான் செய்திருப்பார்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. உங்கள் வீட்டு மொட்டை மாடியில், அடுத்த தளம் கட்டுவதற்காக என்று கம்பிகளை நீட்டிவிட்டு வைத்திருக்கிறீர்களே, அதில் இத்தனை வருடமாகத் துணிதானே காய்கிறது?