கியர்ப்பெட்டிக்குள் என் லாடம்

ரைஸ்மில் ஒன்று, லேத் பட்டறை ஒன்று, ரூட் பஸ் இரண்டு. அத்தனையும் இரண்டாம் வகுப்பைத் தாண்டாத நான் இந்தக் கையால் உண்டாக்கியது. மாமனார் கொடுத்தது ஒரு பித்தளைச் செம்பு; அதுவும் ஓட்டை. இப்படிப்பட்ட நானே எழுந்து நின்று கும்பிட்ட ஒரே மனிதர் கோட்டைப்பட்டினத்துப் பட்பட்டி பாய்தான். ஆகாய விமானமே ஒடிந்து விழுந்தாலும் மீன்முள்ளால் தைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் பிடித்து, பின்னால் மீன்கூடை கட்டி ஓட்டினார். ரிப்பேர் என்றால் வேறு யாரையும் தொடவிட மாட்டார். கியர்ப்பெட்டிக்குப் படகில் பூசுகிற சுறா எண்ணெய். வண்டி போன திசையை ஊர்ப் பூனைகளே காட்டிக்கொடுக்கும். துருவைத் தேய்க்கத் திருக்கைத் தோல்.

"கடல்ல தாங்குறது கப்பிரோட்டுல தாங்காதா மாப்ளே?" என்பார். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே. எங்கள் பக்கத்தில் மதம் பார்த்து முறை வைப்பதில்லை.

அப்போது நான் அறந்தாங்கி தாண்டி, சாலையோரப் புளியமரத்தடியில் வண்டிமாடுகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் பட்பட் சத்தமே இல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடை நிறையக் கொடுவா மீன்.

"கியரு நிக்க மாட்டேங்குது மாப்ளே, போட்டா வழுக்கிக்கிட்டு வந்துருது. டவுன்ல மிலிட்டரி ஓட்டல்காரரு சொல்லிப்புட்டாரு. மத்தியான உலை கொதிக்கிறதுக்குள்ள மீன் வந்தா நித்தமும் ஏம் மீனுதானாம். பிந்துனா அங்கிட்டுத் தலைகாட்டக் கூடாதாம்."

"மீனை பஸ்ஸுல ஏத்திவிட்ருவமா மாமா?"

"மீனு பஸ்ஸுல போயிரும். ஏம் மானம் எதுல போகும்? வண்டியப் படுக்கப் போடுறா!"

லாடம் அடிக்க மாட்டைப் படுக்கப்போடுவதுதானே என் தொழில்! மாட்டுக்கு விரித்திருந்த வைக்கோல்மேல் வண்டியைச் சாய்த்தேன். குறட்டால் மறையாணிகளைத் திருகி, குளம்பு சீவுகிற உளியால் நெம்பினார் பாய். உள்ளே பல்சக்கரத்தைத் தள்ளுகிற பிறை மாதிரி இரும்பு ஒன்று ஒடிந்து கிடந்தது. அதைப் பார்த்தார். என் லாடக் குவியலைப் பார்த்தார்.

"அடேய், ரெண்டும் ஒருதாய்ப் பிள்ளைகடா!"

நான் லாடத்தைக் காய்ச்சி வளைத்தேன், அவர் தேய்த்தார். மிச்சமிருந்த அடிக்கட்டையோடு லாட ஆணியால் சேர்த்து அறைந்தேன். சுறா எண்ணெய் வைக்கோலில் கொட்டிவிட்டதால், அந்த வழியாக வந்த வண்டிக்காரரிடம் அச்சுக்குப் போடும் மசகை வாங்கி அப்பினோம்.

வண்டியை நிமிர்த்தி உதைத்தார். பட்பட் வந்தது. கியர் போட்டார். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, உறுமி, அணைந்தது. மறுபடியும் அப்படியே. பாயின் முகம் கருவாடாகிவிட்டது.

"முடிஞ்சுச்சு மாப்ளே. மீனை நீயே அள்ளிக்க."

அப்போதுதான் கீழே பார்த்தேன். மாட்டைப் படுக்கப்போட்டால் முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துக் கட்டுவது என் கைப்பழக்கம். முன்சக்கரமும் பின்சக்கரமும் வைக்கோலுக்குள் என் கயிற்றில் இறுகிக் கிடந்தன!

உதைக்கப்போகிறார் என்று ஒதுங்கினேன். அவரோ என் கன்னத்தைக் கிள்ளினார்.

"கயிறு இந்த இழுப்பு இழுத்தும் கியரு வழுக்கலையேடா! லாடம் நின்னுருச்சுடா!"

கயிற்றை அவிழ்த்து, மீன்கூடைமேல் என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். நாங்கள் போய் இறங்கியபோது ஓட்டலில் உலைத் தண்ணீர் அப்போதுதான் சலசலக்க ஆரம்பித்திருந்தது. ஓட்டல்காரர் கூடையைத் திறந்து பார்த்து, "நாளைக்கும் இதே நேரம்" என்றார்.

வழியில் கியர் ஒடிந்த கதையைப் பாய் சொன்னதும், "வண்டிய ஆருய்யா சரிபண்ணுனது?" என்று கேட்டார்.

"நாந்தான். வேற ஆரு?" என்று மார்தட்டினார் பாய். பின்னால் நின்று வேட்டியில் ஒட்டிய செதிலை உரித்துக்கொண்டிருந்த என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். டவுனில் இன்றும் அவர் கதையைச் சொல்கிறார்கள். லாடத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இது அநியாயம். பட்பட்டி பாயின் பெயர் வருகிற இடமெல்லாம் பின்னாலேயே என் பெயரும் வந்தாக வேண்டும், அன்றைக்கு மீன்கூடைமேல் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேனே, அந்த மாதிரி.