போதுமான சார்ஜ் இருக்கிறது

அன்பும் பண்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உங்கள் அத்தை சௌக்கியம், நீங்கள் வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கார் சௌக்கியம். அதற்குச் சார்ஜ் போட ஷெட் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனீர்களே, அது எங்கள் மூன்று பேரையும்விடச் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அந்தப் பெட்டியைப் போலவே நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் சொன்னால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று அதைத் திருத்துவாள், அந்தப் பக்கம் என் மகள் இன்னொரு தரம் திருத்துவாள், கடைசியில் நான் சொல்லவந்ததற்கு நேர்மாறாக ஏதோ ஒன்று முடிவாகியிருக்கும். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. விஷயம் இதுதான்: வருகிற வியாழக்கிழமைக்குள் வந்து தயவுசெய்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். உடனே கோபித்துக்கொள்ளக் கூடாது. காரணத்தை முழுக்கப் படித்துவிட்டு நிதானமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

காரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அது பாட்டுக்குப் போகிறது, சத்தம் கிடையாது, புகை கிடையாது. முதல் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். "ஆகி ரொம்ப நேரமாச்சுங்க, கிளம்புங்க" என்று உங்கள் அத்தைதான் சொன்னாள். குறை என்னிடம் இருக்கிறது. நான் யார்? ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஸ்டோர் கீப்பராக இருந்தவன். பஞ்சானாலும் சரி, கட்டுத்துணியானாலும் சரி, கையிருப்பு பாதிக்குக் கீழே இறங்க விட்டதே கிடையாது. பாதி அலமாரி காலியாகிவிட்டால் அன்றைக்கே புது ஆர்டர் எழுதிவிடுவேன். அப்படிப்பட்டவன் கையில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று கண்முன்னால் ஓயாமல் காட்டுகிற ஒரு வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்? காய்கறிக் கடைக்குப் போவேன், திரும்பி வந்து காய்கறிப் பையை இறக்குவதற்கு முன்னால் வயரைச் சொருகுவேன். மறுபடி மருந்துக் கடை, மறுபடி வயர். அதற்கு மேல் போனால் பாதிக்குக் கீழே இறங்கிவிடுமே என்று பெரிய ரோடு பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. வழியில் சார்ஜ் போடுகிற இடங்கள் இருக்கின்றனவாம். இருக்கட்டும். காலமெல்லாம் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவன் ஊர் பேர் தெரியாத இடத்தில் போய் வயரும் கையுமாக நிற்பதா?

பெட்டியை மாட்டிய அன்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மாமா, இது ஸ்மார்ட் பெட்டி. நீங்க எவ்வளவு ஓட்டுறீங்கன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கும். வேணுங்கற அளவுக்குத்தான் ஏத்தும், அதுவும் காற்றாலையில இருந்து நிறைய கரண்ட் வர்ற நேரமாப் பாத்து ஏத்தும்" என்றீர்கள். எவ்வளவு பொறுப்பான பெட்டி என்று நானும் பூரித்துப்போனேன். ஒருநாள் காலையில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் கேட்டை எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டி எடுக்கலையா?" என்று கேட்டார். "காத்து வரலைன்னு பெட்டி சொல்லுது டாக்டர்" என்றேன். மனுஷர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர் மாதிரி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இது காரா, பாய்மரக் கப்பலா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. உங்கள் அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூருக்கு லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. அவள் லைன் போட்ட ஊர்களில் ஒன்று மலைமேல் இருக்கிறது. அங்கே எக்ஸ்சேஞ்சில் இருந்த ஆபரேட்டர் அம்மாளும் இவளும் தினமும் பேசுவார்கள், அதாவது, "லைன்ல இருங்க", "பேசியாச்சா", "கட் பண்ணட்டுமா" என்று மற்றவர்களுக்காகப் பேசியதற்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் தங்களுக்காகவும் கொஞ்சம் பேசிக்கொள்வார்கள். லைனில் எப்போதும் சோவென்று ஓர் இரைச்சல் கேட்குமாம், இவள் எடுத்தவுடன், "அக்கா, அங்க மழையா?" என்று கேட்பாள். "ஆமாம்மா, மழைதான்" என்று பதில் வரும். அப்படியே அந்த அம்மாளுக்கு எங்கள் வீட்டில் மழை அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. என் மகள் பிறந்த செய்தி என் அம்மாவுக்குப் போவதற்கு முன்னால் மழை அக்காவுக்குப் போய்விட்டது. ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்ததில்லை. போட்டோகூடக் கிடையாது. "குரலுக்கு எதுக்கு மூஞ்சி?" என்பாள் உங்கள் அத்தை. அந்த மழை அக்கா இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடல் தாண்டி மகனோடு இருக்கப் போகிறாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயணம். அந்த வயதில் போகிறவள் திரும்பி வருவாளா? உங்கள் அத்தை போனிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, நீங்க கிளம்பறதுக்குள்ள நான் வந்து பாத்துடுவேன். மாப்பிள்ளை கார் வாங்கித் தந்திருக்கார். சத்தமே கேக்காது, திடீர்னு வாசல்ல வந்து நிப்பேன்."

போனை வைத்த கையோடு ஷெட்டுக்குப் போனாள். பெட்டியின் முகத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. உரக்கப் படித்தாள்: "உங்கள் வழக்கமான பயணத்துக்குப் போதுமான சார்ஜ் இருக்கிறது." பேட்டரி பாதிக்கு மேல் கொஞ்சம்தான் நின்றது. மலை ஊருக்கு அது எந்த மூலைக்கு? அவள் சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சத்தம் போடவில்லை. "நாம எங்கேயும் போக மாட்டோம்னு இதுக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு பாருங்க" என்றாள். பிறகு, "வந்து எத்தனை நாளாச்சு இது? அதுக்குள்ள கண்டுபிடிச்சிடுச்சே" என்று பெட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை, எனக்கு அவமானமாக இருந்தது. சுவரில் மாட்டிய பெட்டி ஒன்று என் குடித்தன லட்சணத்தை என் மனைவியிடமே படித்துக் காட்டிவிட்டது.

நிறையச் சார்ஜ் ஏற்றச் சொல்லும் பொத்தான் உங்கள் போனில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் ஒரு நொடியில் அமுக்கியிருப்பீர்கள். ஆனால் மாமனார் என்று ஒருவன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா தம்பி?" என்று கேட்பதா? பெண்ணைக் கொடுத்த இடத்தில் கரண்டு கேட்டு நின்றான் என்ற பேர் எனக்கு வேண்டாம். அப்புறம் இன்னொன்று. முழுக்க ஏற்றினாலும் மலை ஏறி முடிக்கும்போது பாதிக்குக் கீழேதானே வரும்? அந்த எண்ணம் வந்தாலே என் கை வயரைத் தேடுகிறது. பஸ்ஸில் போகலாம் என்றேன். "வாசல்ல காரை நிறுத்தி வச்சுட்டு பஸ்ஸுல போய் இறங்கறதா? சத்தமே கேக்காதுன்னு சொல்லிட்டேனே!" என்றாள்.

அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று மறுநாள் மத்தியானம் ஒரு யோசனை செய்தேன். "வா, சும்மா கார்ல உக்காந்து பேசலாம்" என்று கூப்பிட்டேன். உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "வயரைப் பிடுங்குங்க. கட்டிப்போட்ட மாதிரி இருக்கு." பிடுங்கினேன். ஏசியைப் போட்டோம், ரேடியோவில் ஏதோ பாட்டை மெல்ல வைத்தோம், சீட்டைச் சாய்த்தோம். எங்கள் ஷெட்டின் எதிர்ச்சுவரில் ஈரம் கசிந்து ஒரு கறை இருக்கிறது, சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று நீங்கள்கூடச் சொன்னீர்களே, அதேதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது மலை. சத்தியமாகச் சொல்கிறேன், மடிப்பு மடிப்பாக மலை, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, அதுதான் ரோடு. தகரக் கூரையில் ஏதோ மரத்து இலை விழுந்து உரசுகிற சத்தம் காற்று மாதிரி வந்தது. "அந்த வளைவு தாண்டினா எக்ஸ்சேஞ்சு" என்றாள் உங்கள் அத்தை, பார்க்காத ஊருக்கு வழி சொல்லிக்கொண்டு. நான் என்னை அறியாமல் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தேன். அவள் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தாள். பேசிக்கொண்டே அவள் தூங்கிவிட்டாள், நானும்தான். தூக்கத்திலும் வண்டி ஏறிக்கொண்டே இருந்தது, பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது, எங்கோ ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. விழித்துப் பார்த்தால் பேட்டரி பாதியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது! அலறிப் புடைத்துக்கொண்டு, "வந்தாச்சு, இறங்கு" என்று வயரைச் சொருகினேன்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இந்தப் பயணம்தான். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்கிறாள். தலை வாரிக்கொள்கிறாள். பல் டாக்டர் ஒருநாள் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் தட்டி, "எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அத்தை, "பாதி தூரம் வந்துட்டோம் டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். அவர் "பாத்துப் போங்க" என்று ஷெட் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். நல்ல மனுஷர். நீங்களும் உங்கள் போனில் பார்த்துவிட்டு, "மாமா, தினமும் எங்கதான் சுத்தறீங்க? சார்ஜ் தண்ணியா ஓடுதே, கலக்குங்க!" என்று மெசேஜ் அனுப்பினீர்கள். என் மகள் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி, நாங்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறோம் என்று பேச்சாகிவிட்டது. நாங்கள் ஷெட்டைத் தாண்டவில்லை மாப்பிள்ளை. இப்போதெல்லாம் பயணம் முன்னைவிடக் கொஞ்சம் நீளுகிறது, பாதியைத் தொட நேரமாகிறது, ஏனென்று தெரியவில்லை. இருந்தாலும் எல்லைக்கோடு வந்ததும் நான் இறக்கிவிட்டுவிடுகிறேன். நேற்று அவள் சீட்டில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "ஊர் வர்ற நேரத்துல எப்பவும் இறக்கி விட்டுடுறீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் இந்த முடிவு. கார் கண்முன்னால் இருக்கும்வரை அவள் பஸ் ஏற மாட்டாள். ஷெட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், மழை அக்கா போய்விடுவாள். நீங்கள் வியாழக்கிழமை காரை எடுத்துப்போனால் வெள்ளிக்கிழமை நான் இவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். பெட்டியையும் கழற்றிக்கொண்டு போங்கள். அது என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. இதற்காகக் காரில் ஏதோ குறை என்று நீங்களே ஒரு பொய் சொன்னால் நன்றாக இருக்கும். உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது தெரியும், முயற்சி செய்யுங்கள். உங்கள் குடும்பம் தழைத்து, தொழில் பெருகி, எதிலும் கையிருப்பு பாதிக்குக் குறையாமல் நீங்கள் வாழ வேண்டும். மகளுக்கு என் ஆசிகள். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: வியாழக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் ஷெட்டில் கார் இருக்காது. காலையில் இந்தக் கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து உங்கள் அத்தை கூப்பிட்டாள். போனால் முன் சீட்டில் கைப்பை மடியில் இருக்க உட்கார்ந்திருக்கிறாள், வயரை அவளே பிடுங்கி வைத்திருக்கிறாள். பெட்டியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: "நல்ல காற்று. உங்கள் வழக்கமான நீண்ட பயணங்களுக்காக முழுச் சார்ஜ் ஏற்றப்பட்டுள்ளது." நாங்கள் எங்கேயோ தினமும் போய்வருகிறோம் என்று அந்த அப்பாவிப் பெட்டி நம்பிவிட்டது மாப்பிள்ளை! "கடிதாசு?" என்றேன். "வழியில போட்டுக்கலாம், ஏறுங்க" என்றாள். இதை மழை அக்கா வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழையைக் காணோம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. விசாரித்தால், அந்த இரைச்சலெல்லாம் லைனில் இருந்த இரைச்சலாம். "நீ அவ்வளவு ஆசையா மழையான்னு கேப்பே, இல்லைன்னு சொல்ல மனசு வரலை" என்கிறாள் அந்த அம்மாள். இரண்டு பேரும் வாசலில் பார்த்துக்கொண்டதும் அந்நியர்கள் மாதிரி விழித்தார்கள். அப்புறம் மழை அக்கா, "கண்ணை மூடிக்கிட்டுப் பேசும்மா, அப்பத்தான் நீன்னு தெரியும்" என்றாள். இப்போது இருவரும் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுநடுவே அழுகிறார்கள். பேட்டரி பாதிக்கு ரொம்பக் கீழே இருக்கிறது. பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வயரை நீட்டிச் சாதாரண பிளக்கில் சொருகியிருக்கிறேன். "இதுல ரொம்ப மெதுவாத்தான் ஏறும், திரும்பிப் போக ரெண்டு மூணு நாளாவது ஆகும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே இரண்டு பேரும் சேர்ந்து, "ஆகட்டும்" என்றார்கள்.