கொலுவேறிய மேஜை

வீட்டு நிம்மதிக்கு விலையே கிடையாது என்கிறவர்கள் கடையில் விசாரித்துப் பார்க்காதவர்கள். புனேயில் அதன் விலை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். பில் வேண்டாமென்றால் ஏழாயிரம். ஐந்து படி வைத்த ஸ்டீல் கொலுப்படி, வீட்டுக்கு வந்து மாட்டித் தருவதோடு சேர்த்து. பாலச்சந்திரன் அதைக் கொடுக்க மறுத்தான். கதை அங்கேதான் ஆரம்பம்.

"ஏனுங்க, இருந்த படியத் துருப்புடிச்சிருச்சுன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்க. இப்ப பொம்மைய எங்க வெக்கறது, உங்க தலையிலயா?" என்றாள் மனைவி வனஜா.

"நாலு வருஷமா ஆபீஸ்ல நான் என்ன செய்யறேன்னு நெனச்சே?"

"அதத்தானே நானும் கேட்டுட்டிருக்கறேன்."

கசார்வாடியில் ஒரு பட்டறை மாடியில் அவன் மேஜை செய்துகொண்டிருந்தான். சாதா மேஜை அல்ல. அதற்குள் தொள்ளாயிரம் குச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மோட்டார். மேலே ரப்பர் விரிப்பு. கைபேசியில் வரைந்தால் மேஜை மலையாகும், பள்ளமாகும். கை வைத்தால் கைக்கு அடியில் எழும்பி வரும். கரண்ட் போனால் மட்டும் குச்சிகள் தொளதொளத்துக் கீழே இறங்கிவிடும். 'கண்ணாடித் திரையை எத்தனை நாள் தடவுவது? இனி உலகத்தையே தடவலாம்' என்பது அவனுடைய வசனம்.

உலகம் இதுவரை ஒரு மேஜைகூட வாங்கவில்லை. ஓர் அருங்காட்சியகம் மட்டும், மலைக்கோட்டைகளைப் பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க ஆறு மேஜை வேண்டும் என்றிருந்தது. தசரா கழித்துப் பார்க்க வருவார்கள். இந்த ஆர்டரும் போனால் தீபாவளியோடு பட்டறைக்குப் பூட்டு என்று முதலாளி மாதவ் சொல்லிவிட்டார்.

அதுவரை மேஜை சும்மாதானே நிற்கிறது? டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கைபேசியில் ஐந்து கோடு போட்டான். ஐந்து படி எழுந்து நின்றது.

தாபோடியில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் சுந்தரராமன், மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மாப்பிள்ளை, இது பரோசாவா, நம்பும்படியா நிக்குமா?"

"ஜெர்மன் மோட்டார் மாமா."

"மோட்டாரப் பத்தி நான் கேக்கலியே" என்றார் அவர்.

தரை தொடும்படி வெள்ளை வேட்டி விரித்து, பொம்மைகளை அடுக்கி, கலசமும் வைத்தாயிற்று.

அன்று மாலையே பக்கத்து ஃபிளாட் ஸ்ரீலக்ஷ்மி ஒரு செட்டியார் பொம்மையோடு வந்தாள். கீழ்ப்படியில் வைத்து லேசாக அழுத்தினாள். படி எழும்பியது. கடை போட்டிருந்த செட்டியார், பெருமாளுக்கு மேலே போய் உட்கார்ந்தார்.

பாலச்சந்திரன் பாய்ந்து தொடு உணர்வை அணைத்தான். யாரும் தொடாததால் மேஜை தூங்கப் போனது. படிகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. தூக்கத்தை அணைத்தான். மேஜை விழித்துக்கொண்டு, கடைசியாகக் கற்ற பாடத்தை ஒப்பித்தது. அது ஒரு மலைக்கோட்டை. மச்ச அவதாரம் பள்ளத்தாக்கில் கிடக்க, கல்கி குதிரையோடு சிகரத்தில் நின்றார். கலசம் பாதி மலையில் சாய்ந்து, யோசித்து, நின்றது.

"இந்த வருஷம் தீம் பிரமாதம்!" என்று ஸ்ரீலக்ஷ்மி வீடியோ எடுத்தாள்.

எப்படியோ மறுபடி ஐந்து படியை வரவழைத்தான். வனஜா அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "கலசம் இனி ஆடக்கூடாது. அவ்ளோதான்."

மறுநாள் காலையில் மாதவ் கூப்பிட்டார். "அரே பாலா, மியூசியம் ஆப்தே மேடம் இன்னைக்கே பார்க்கணுமாம். மேஜையை எடுத்துட்டு வா."

"சார்... அது மேல கலசம் வச்சாச்சு. விஜயதசமி முடியாம நகர்த்தக் கூடாது."

வேறு ஊர் முதலாளியாக இருந்தால் வேலை போயிருக்கும். மாதவ் வீட்டிலும் அதே நவராத்திரிக்கு, நம் கலசம் போல, கடம் வைத்திருந்தது. "கடம் உட்கார்ந்தாச்சா? அரே தேவா! அப்போ தொடவே கூடாது" என்றவர், "மேடத்தை அங்கேயே கூட்டிட்டு வரேன். காலை வாரிடாதே" என்றார்.

மாலையில் இருவரும் வந்தார்கள். வனஜா மஞ்சள் குங்குமம் கொடுத்தாள், சுண்டல் கொடுத்தாள்.

"மாமாவை எங்க காணோம்?" என்று கிசுகிசுத்தான் பாலச்சந்திரன்.

"இங்கதான் எங்கியாச்சும் இருப்பாரு. நீங்க உங்க வேலையப் பாருங்க."

ஆப்தே மேடம் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாம் படியில் பொம்மை இல்லாத இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பாலச்சந்திரன் கைபேசியை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். 'மேஜை இணைப்பில் இல்லை' என்றது கைபேசி.

"மலையில்லையா மேடம்... கொஞ்சம் நிதானமாத்தான் எழும்பும்" என்று உளறினான். நாலு வருஷமும் பட்டறைப் பூட்டும் கண்முன் வந்து போயின.

அப்போது மேடத்தின் கைக்கு அடியில் படி மூச்சுவிட்டது. மெதுவாக மேடாகியது. அழுத்தினால் அமுங்கியது. கையை நகர்த்தினால் கூடவே நகர்ந்தது. ஒரு சத்தம் இல்லை.

"அடடே!" என்றார் மேடம் இந்தியில். "வெதுவெதுன்னு இருக்கே, மனுஷக் கை மாதிரி!"

"அதுதான் மேடம் எங்க நாலு வருஷ ஆராய்ச்சி." அவனுக்கே அது உண்மை என்று பட்டது.

வேட்டிக்குள்ளிருந்து 'ஹ்ம்ம்' என்று ஒரு முனகல்.

"அது என்ன?"

"காற்று பம்ப்."

மேஜையில் காற்று பம்ப் கிடையாது என்பது மாதவுக்குத் தெரியும். அவர் வாயில் சுண்டலைப் போட்டுக்கொண்டார்.

"ஆறும் எனக்கு இப்படியேதான் வேணும். இந்தச் சூடு, இந்த மென்மை, எதையும் மாத்தக் கூடாது" என்று மேடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெற்றிலை பாக்கோடு கிளம்பினார்.

லிஃப்ட் கதவு மூடியதுதான் தாமதம், பாலச்சந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "பாத்தியா வனஜா? ஏழாயிரம் ரூபாய்ப் படி இந்த வேலை செய்யுமா?"

வனஜா பிளக்கைத் தூக்கிக் காட்டினாள். "நேத்து ராத்திரியே புடுங்கிட்டனுங்க. குச்சி எறங்காம அடியில அரிசி டின்னு, பருப்பு டின்னா முட்டுக் குடுத்து வெச்சிருக்குது."

"அப்போ மேடம் கைக்கு அடியில எழும்பினது?"

வேட்டியின் ஓரம் விலகியது. மாமனார், மூன்றாம் படிக்கடியில் கை நுழைய உருவிய குச்சிகளோடு, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"டீக் ஹை மாப்பிள்ளை, ஹிசாப் பாத்துடலாம். மேஜை ஆறு. மாமனார் ஒண்ணு. பாக்கி அஞ்சுக்கு அடியில யாரப் படுக்க வைக்கப் போறீங்க?"