திருக்கோகர்ணத்தில் உடையாத டம்ளர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக உலக சரித்திரத்தில் சொல்லத்தக்க சம்பவம், 1938-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் திருக்கோகர்ணத்தில், வீரய்யா டீக்கடையில் நடந்தது. அதை நடத்தியது எங்கள் 'விஞ்ஞான முன்னேற்ற சபை'. அங்கத்தினர் ஐவர். அடியேன் காரியதரிசி.

முன்னேற வேண்டிய அவசியம் இப்படி வந்தது. மழைக்காலத்தில் கொதிக்கும் டீயை ஊற்றினால் வீரய்யாவின் கண்ணாடி டம்ளர்கள் படீரென்று உடைந்தன. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் தலைவர் ஆத்மநாதன் சென்னைக்குப் போய், உஷ்ணம் தாங்கும் சீமை டம்ளர் ஒன்றை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு புஸ்தகமும்.

"சாதாரணக் கண்ணாடின்னா என்ன? மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு" என்று அவர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். "டீ பட்டதும் உள்பக்கம் விரியும். வெளிப்பக்கம் விரியாது. ரெண்டுக்கும் சண்டை. ஆகவே உடையும். இதுல மணலோட வெண்காரச் சத்துச் சேர்த்திருக்கான்."

"ஆசாரி நகை பத்தவைக்கப் போடுவாரே, அந்த வெண்காரமாங்க?" என்றார் வீரய்யா.

"அதேதான். இது சாதாரணக் கண்ணாடியில மூணுல ஒரு பங்குதான் விரியும். உள்ளே வெளியேன்னு சண்டை கெடையாது. திராவகம் ஊத்தினாலும் அரிக்காது. ஆஸ்பத்திரிக் குழாய், ரயில் விளக்கு எல்லாத்துக்கும் இதுதான்."

உள்ளும் வெளியும் சண்டையில்லாத பொருள் ஒன்று புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் வந்திருப்பதை எண்ணி எங்களுக்குப் புல்லரித்தது.

ஆனால் சோதிக்க வேண்டுமே! கொதிநீரில் கிடந்த டம்ளரை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெடித்தால்? அங்கத்தினர் ஐவருக்கும் குடும்பம் இருந்தது. கல் உடைக்கும் தங்கமுத்துவுக்கும் இருந்தது. அதைச் சபை கவனிக்கவில்லை; அவனைக் கூப்பிட்டது. தங்கமுத்து தெற்குச் சேரிக்காரன். கடைக்குப் பின்னால் வேலியில் தொங்கும் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு நின்றால், வீரய்யா எட்ட நின்று டீ ஊற்றுவார்.

"செய்யுறேனுங்க சாமி" என்றான் தங்கமுத்து. "டம்ளர் ஒடையலேன்னா, அதுல எனக்கு ஒரு டீ தருவீங்களா?"

"எதுக்குடா ஒனக்கு?"

"பத்து வருசமா இங்கிட்டுத்தான் குடிக்கிறேன். டீ என்ன நெறம்னு இன்னும் பாக்கலீங்க."

பிரசங்கம் எப்படியிருந்தாலும், டம்ளர் உடையும் என்ற பூரண நம்பிக்கையில் தலைவர், "அதுக்கென்ன, குடி" என்றார். நான் அதை மினிட் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

நாங்கள் தூணுக்குப் பின்னால் நிற்க, தங்கமுத்து இடுக்கியால் எடுத்தான்; தண்ணீரில் போட்டான். 'சுர்'ரென்றது. உடையவில்லை. மூன்று தடவை செய்தான். உடையவில்லை. பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கை பட்டது சோதனைக்காக. ஆகவே அதில் தோஷமில்லை என்று சபை கருதியது. கடைசிச் சோதனையாக வீரய்யா கொதிக்கும் டீயை எட்ட நின்று ஊற்றினார். உடையவில்லை.

தங்கமுத்து டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான். "நம்ம செம்மண்ணு நெறம்" என்றான். ஊதி ஊதிக் குடித்தான். "சீனி கம்மிங்க" என்றான்.

சபை ஏகமனதாக ஓரடி பின்வாங்கியது.

"போச்சு! நாளைக்கு ஒருத்தன் கடைக்குள்ள கால் வைப்பானா?" என்று வீரய்யா தலையில் கை வைத்தார். "அய்யா, வாக்குக் குடுத்தது நீங்க. எத்தனை நாழி கொதிக்க வச்சா இது சுத்தமாகும்? புஸ்தகத்துல பாருங்க!"

தலைவர் புரட்டினார். திராவகத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. காரத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. தங்கமுத்துவுக்கு இல்லை. சீமைக்காரன் விஞ்ஞானம் எவ்வளவு பின்தங்கியது என்று அன்றுதான் தெரிந்தது.

அவசரக் கூட்டம் கூடி, டம்ளரை உடைத்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அடுப்பில் போட்டுச் சுட்டோம். பச்சைத் தண்ணீரை வாரி அடித்தோம். அது சிரித்துக்கொண்டு இருந்தது. வெண்காரத்தின் மகிமை! கடைசியில் தலைவரே அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டார். அதற்கு மட்டும் உடைந்தது.

சில்லுகளைப் பொறுக்கத் தங்கமுத்துவைத்தான் கூப்பிட்டோம். அவன் குனிந்து பொறுக்கியபடியே சொன்னான்: "எங்க கொட்டாங்குச்சி தேவலைங்க சாமி. யாரு வாய் வச்சாலும் ஒடைக்கச் சொல்லாது."

அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தேன். சேர்மானம் எழுதினேன், குணம் எழுதினேன், உபயோகம் எழுதினேன். 'உடைந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தலைவரைக் கேட்டேன்.

"சூடு தாங்கலைன்னு எழுதும்" என்றார்.

எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று அந்தக் கடையில் ஒரு டீயின் சூட்டைக்கூடத் தாங்காத வஸ்துக்கள் ஐந்து இருந்தன. ஐந்தும் அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. முதல் கையெழுத்து காரியதரிசியுடையது.