மேதைக்குக் கிடைத்த பன்னிரண்டு வருடம்

வயலினுக்குள் கடகடவென்று ஏதோ உருண்டது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் அதைக் காதோரம் வைத்து இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார்.

தூசி தட்டுவதற்காக நான்கு தந்திகளையும் மொத்தமாகத் தளர்த்தியிருந்தார். ஒவ்வொன்றாகத்தான் தளர்த்த வேண்டும். உள்ளே ஒரு சின்னக் குச்சி கோந்தே இல்லாமல், தந்திகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. அழுத்தம் போனால் குச்சி விழும். வயலினைத் தொட்ட எல்லாருக்கும் இது தெரியும். அவர் பதினொரு வருடமாக அதற்குக் காவல் இருந்தாரே தவிர, தொட்டதில்லை.

அதுவும் எந்த வயலின்! அந்த மேதை செய்தவற்றில் உலகத்திலேயே மிஞ்சியவை ஏழு. அதில் ஒன்று இது. பதினொரு மணிக்கு நிபுணர் வந்து "அசல்" என்று கையெழுத்துப் போட்டால் பொறுப்பாளரின் தற்காலிக வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"என்ன சார், குச்சியா?" என்றாள், முப்பது வருடமாக அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மா.

"உங்க வேலையைப் பாருங்கம்மா!"

கம்பியை வளைத்து வயலினின் துளை வழியாக விட்டுத் துழாவினார். குச்சி வரவில்லை. உள்ளே ஒட்டியிருந்த சீட்டு வந்தது, நார் நாராக. மேதையின் பெயரும் வருடமும் எழுதிய சீட்டு! அது இல்லாவிட்டால் வயலின் வெறும் மரப்பெட்டி.

மனைவிக்குப் போன் போட்டார்.

"வீட்ல பழுப்பேறின காகிதம் ஏதாவது இருக்கா?"

"நம்ம கல்யாணப் பத்திரிகை இருக்கு. அதைவிடப் பழசா வேணும்னா கண்ணாடியைப் பாருங்க."

போனை வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"டீ கொண்டு வந்திருக்கேன் சார். சர்க்கரை போடல. போட்டா எறும்பு வந்துடும்," என்றாள் பெருக்குகிற அம்மா.

ஏன் எதற்கு என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. தாளை டீயில் நனைத்துக் காயவைத்தார். பெயர் மனப்பாடம். வருடம்? சுவரில் இருந்த விவரப் பலகையை எட்டிப் பார்த்து 1821 என்று எழுதி ஒட்டினார். குச்சியையும் கோந்து வைத்தே நிறுத்தி, தந்திகளை முறுக்கினார்.

கோந்து காய்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர் பார்த்தது பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய சுவர்க் கடிகாரத்தின் பலகை. மேதை 1809-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. இயக்குநர் நிபுணரை உள்ளே அழைத்து வந்தார்.

நிபுணர் மேதையைப் பற்றி அறுநூறு பக்கப் புத்தகம் எழுதியவர். எல்லாம் இந்த வயலினை இருபது வருடத்துக்கு முன் எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துத்தான். அதில் சீட்டிலிருந்த பெயர் மட்டும் தெரிந்தது. பெயர் கிடைத்தால் ஆள் கிடைக்காமலா போவார்? பழைய பதிவேடுகளைப் புரட்டி மேதையின் பிறப்பு, இறப்பு, பல்வலி எல்லாம் கண்டுபிடித்துவிட்டார். மற்ற ஆறு வயலின்களையும் இதோடு ஒப்பிட்டு அவரேதான் அடையாளம் சொன்னார்.

இப்போது முதல்முறையாக நேரில், சின்னக் கண்ணாடியை நுழைத்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொறுப்பாளர் ஓரடி முன்னால் வந்தார். "சார், நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

"பேசாதீங்க!" நிபுணரின் கண்கள் கலங்கியிருந்தன. "ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தொண்ணு! என் மேதை சாகவே இல்ல! ஒன்பதுல செத்தவன் அதே பேர்ல வேற எவனோ. இவர் பன்னிரண்டு வருஷம் ஒளிஞ்சிருந்து வயலின் செஞ்சிருக்கார்!"

"அப்போ இன்னும் நிறைய வயலின் கிடைக்குமா?" என்றார் இயக்குநர் ஆவலாக.

"கிடைக்கலேன்னா என்னைக் கேளுங்க!"

கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் பாகம் எழுத ஓடினார் நிபுணர். இயக்குநர் பொறுப்பாளரின் கையைக் குலுக்கி, "இனிமே நீங்க நிரந்தரம்" என்றார்.

எல்லாரும் போனதும் பொறுப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வேலை கிடைத்தும் மனசு ஆறவில்லை.

"அநியாயமா ஒரு மேதையோட சரித்திரத்தையே கெடுத்துட்டேனேம்மா!"

ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டே பெருக்குகிற அம்மா சொன்னாள்:

"விடுங்க சார், நீங்க வருஷத்தைத்தான் மாத்தினீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்த சார் சீட்டைக் கிழிச்சப்போ பேரே ஞாபகம் வராம, அவசரத்துக்கு அவரோட மாமனார் பேரை எழுதி ஒட்டிட்டாரு."